மெர்வ் தவழ்ந்த கண்ணாடித் தரை

முதல் முறையாக ஓர் ஆளோடு வெளியே போகும்போது தங்கையையும் இழுத்துக்கொண்டு போகிற பெண் உலகத்திலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதுவும் ஐம்பத்தெட்டு வயதில்.

"பேச்சு பாதியில நின்னுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் நோல்?" என்றாள் ராலீன்.

"உனக்கா? உன் பேச்சா? கடைவாய்ப் பல்லைப் புடுங்குறப்பகூட வாயை மூடாதவடி நீ."

அது உண்மை. அல்வர்ஸ்டன் ஊரில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். அந்தப் பல்லைப் பிடுங்கியபோது பஞ்சை எடுத்துக் கொடுத்தது நான்தான். வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே அவள் பக்கத்து வீட்டு வேலிச் சண்டையைச் சொல்லி முடித்தாள். டாக்டருக்கு முழுக்கதையும் புரிந்ததுதான் ஆச்சரியம்.

"அது வேற. இது மெர்வ்" என்றாள். கழுத்துவரை சிவந்துபோனாள்.

மெர்வ் பக்கத்துக் கிராமமான கன்ஸ் பிளெய்ன்ஸில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவர். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நல்ல உயரம், சாப்பாட்டு மேசை அகலத்துக்கு முதுகு. ஆனால் வாயைத் திறந்து பேசினால் வரி போட்டுவிடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி இருப்பார். எங்கள் ஊர் கிளப்பில் வெள்ளிக்கிழமை தோறும் குலுக்கல் உண்டு. பரிசு ஒரு பெரிய தட்டு நிறைய இறைச்சி. மேடையில் நின்று டிக்கெட்டின் நிறத்தையும் எண்ணையும் கூப்பிடுவது என் அக்கா. ஒரு கட்டத்தில் அந்தக் கறித்தட்டு வாராவாரம் மெர்வுக்கே விழ ஆரம்பித்தது. ஊரே முணுமுணுத்தது. பிறகுதான் தெரிந்தது, மனுஷன் பாதி டிக்கெட்டுகளைத் தானே வாங்கிவிடுகிறார் என்று. மேடையேறி அவள் கையால் வாங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வீட்டு ஃப்ரீசர் நிறைந்துபோய், தன் தம்பி வீட்டு ஃப்ரீசரும் நிறைந்துபோய், வேறு வழி தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் கேட்டிருக்கிறார்: "உங்களுக்கு எங்கயாவது போகணும்னு ஆசை ஏதும் உண்டா?"

அக்காவுக்குப் படபடப்பில் ஒன்றும் தோன்றவில்லை. அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு விளம்பரப் படம் ஒட்டியிருந்தது. "அங்க" என்று கையைக் காட்டிவிட்டாள்.

அது கோர்லி கலைக்கூடத்தின் படம்.

"உனக்கு ஓவியத்தப்பத்தி என்னடி தெரியும்?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்குன்னு சொல்லத் தெரியும், புடிக்கலன்னு சொல்லத் தெரியும். அதுக்கு மேல என்ன வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை மெர்வ் எங்கள் வாசலில் வந்து நின்றார். தலைமுடியை நனைத்துச் சீவியிருந்தார். புதுச் சட்டை, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புகள் அப்படியே சதுரம் சதுரமாக நெஞ்சில் நின்றன. அவருடைய வண்டியில் நாய் வாடை அடிக்கும் என்று அவர் தம்பி மனைவி எச்சரித்தாளாம். ஆகவே என் சின்னக் காரில் போனோம். நீளக் கால்களுக்காக அவரை முன்சீட்டில் உட்கார வைத்தேன். அப்படியும் முட்டி இரண்டும் மோவாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றன. பின்சீட்டிலிருந்து அக்கா பேச ஆரம்பித்தவள், கோர்லி பள்ளத்தாக்கு வரும்வரை நிறுத்தவில்லை. மெர்வ் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள்கள் மட்டும் குலுங்கும். என் காரும் சேர்ந்து குலுங்கும்.

கடைசி வளைவில் திரும்பியதும் கட்டடம் கண்ணில் பட்டது.

அதைக் கட்டும்போது எங்கள் பக்கத்து ஜனங்கள் திட்டாத திட்டு இல்லை. துருப்பிடித்த இரும்பு நிறத்தில் ஒரு நீளமான பெட்டி. அந்தப் பெட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துத் துணி மாதிரி முறுக்கிப் பிழிந்து, பிழிந்தபடியே பள்ளத்தாக்கின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போட்டுவிட்டுப் போனது போல இருக்கும். ஊர் வைத்த பெயர் 'பிழிஞ்ச துண்டு'. இப்போது அதே ஜனங்கள்தான் வெளியூர் விருந்தாளி வந்தால் பெருமையாக அழைத்துப் போகிறார்கள். வெயில் பட்டு அது செக்கச்செவேலென்று மின்னியது. கீழே வெகு ஆழத்தில் ஆறு.

"அம்மாடி!" என்றாள் அக்கா.

மெர்வ் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "அது... தரையில நிக்கலயா?"

"இந்தக் கரையில ஒரு கால், அந்தக் கரையில ஒரு கால்" என்றேன். "நடுவுல சும்மா தொங்குது."

"படத்துல பாத்தப்ப ஏதோ புல்வெளியில படுத்திருக்குன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமலிருப்பது புதிதில்லையே, நான் கவனிக்கவில்லை.

நுழைவாயிலில் பிரியோனி என்ற பெண் எங்களை வரவேற்றாள். நாற்பது வயது இருக்கும், குட்டையாக வெட்டிய தலைமுடி, காதில் ஸ்பூனை வளைத்துச் செய்த தோடு. தரை கீறாமல் இருக்க எல்லோரும் செருப்புக்கு மேலே கம்பளி உறை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கூடையை நீட்டினாள். மெர்வின் காலுக்கு இருப்பதிலேயே பெரியதும் பாதிதான் ஏறியது.

உள்ளே போனதும் என் அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டடம் அப்படி. நேராக நடந்து போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பக்கத்துச் சுவர் மெல்லச் சாய்ந்து சாய்ந்து தலைக்கு மேல் கூரையாகிவிடும். கூரையாக இருந்தது இறங்கி வந்து மறுபக்கச் சுவராக நிற்கும். ஜன்னல் ஒன்று தோளருகே ஆரம்பித்து, வளைந்து, உச்சந்தலைக்கு மேலே போய் முடியும். கண் ஒன்று சொல்லும், கால் ஒன்று சொல்லும், வயிறு இரண்டையும் நம்பாது. சின்ன வயதில் கைகோத்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றிவிட்டு நிற்போமே, அந்த மாதிரி.

"நோல், என்னைப் பிடி! நான் நேரா நிக்கிறேனா?"

"இல்ல."

"நீயும் இல்ல!" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கம்பளி உறையோடு வழுக்கிக்கொண்டே போனாள். முழுக்கக் கறுப்பாக இருந்த ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் நின்றாள். "இத வீட்ல மாட்டினா தூசியே தெரியாது." நாற்காலிகளைத் தலைகீழாக அடுக்கிய கோபுரத்தைப் பார்த்து, "கிளப்ப மூடுற நேரம் மாதிரியே இருக்கு!" பக்கத்தில் காதில் கருவி மாட்டி விளக்கம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கருவியைக் கழற்றிவிட்டு இவள் பின்னாலேயே வர ஆரம்பித்தார்.

மெர்வ் இடதுபக்கச் சுவரை ஒட்டியே வந்தார். சுவர் சாய்ந்தால் அவரும் சாய்ந்தார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருந்த விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. அந்த முட்டிகள் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் டாக்டரின் நாற்காலியில் உட்காருகிறவர்கள் சிரித்துப் பேசுவார்கள், வானிலை பற்றி விசாரிப்பார்கள், விரல் முட்டி மட்டும் இப்படி இருக்கும். ஆனால் இங்கே எதற்கு? இங்கே யாரும் யாருடைய பல்லையும் பிடுங்கவில்லையே.

கட்டடத்தின் நட்டநடுவில் விடை இருந்தது. அங்கே தரை முடிந்து கண்ணாடி ஆரம்பித்தது.

ஒரு சின்ன வீட்டின் நீளத்துக்குக் கண்ணாடித் தரை. அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. காற்றுக்குக் கீழே மரங்களின் உச்சிகள், அதற்கும் கீழே பாறை, பாறைகளுக்கு நடுவே நூல் மாதிரி ஆறு. அக்கா தயங்கவே இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கம்பளி உறையைச் சறுக்கிச் சறுக்கி, பாதி வழியில் ஒரு சுற்றும் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"வாங்க மெர்வ்! பறக்குற மாதிரி இருக்கு!"

மெர்வ் கண்ணாடியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். திரும்பி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார்.

அக்காவின் விரித்த கைகள் அப்படியே நின்றன. முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கீழே இறங்கியது. "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று அங்கிருந்தே கேட்டாள். வழக்கமான குரல் இல்லை.

"அங்கயே இரு. வந்துடறேன்" என்று அவர் பின்னால் ஓடினேன்.

கோட்டுகள் மாட்டுகிற அறையில் இருந்தார். யாரோ ஒருவருடைய மழைக்கோட்டில் முகத்தைப் புதைத்து நின்றார்.

"மெர்வ்?"

"எனக்கு உயரம்னா ஆகாது நோலீன்" என்றார் மழைக்கோட்டுக்குள்ளிருந்து.

"கொஞ்சம் ஆகாதா, ரொம்ப ஆகாதா?"

"டிராக்டர் சீட்டே எனக்கு உயரம்தான்." முகத்தை வெளியே எடுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "ஒரு தடவ பூனைக்குட்டிய எறக்கலாம்னு கொட்டகை ஏணில ஏறினேன். பூனை எறங்கிப் போயிடுச்சு. என்னத்தான் தீயணைப்பு வண்டி வந்து எறக்கிச்சு."

நான் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தேன். என் உதடு ஒத்துழைக்கவில்லை. நல்லவேளை, அவர் தோளும் ஒரு தடவை குலுங்கியது.

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. வயித்துவலின்னு சொல்லுங்க" என்றார்.

"வயித்துவலின்னா ஓடி வந்து உங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுத்தான் மறுவேலை பாப்பா. அவளப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நீங்க திரும்பி நடந்ததும் அவ மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா?"

அவருக்கு அது உறைத்தது. கொஞ்ச நேரம் கம்பளி உறை பாதி ஏறிய தன் காலையே பார்த்தார். "அந்தப் பக்கம் போக வேற வழி இல்லயா?"

அந்த வழியாக வந்த பிரியோனியிடம் கேட்டேன். "வெளியில ஒரு நடைபாதை இருக்கு. பள்ளத்துல எறங்கி, கயித்துப் பாலத்துல ஆத்தத் தாண்டி..." என்று ஆரம்பித்தாள்.

"கயித்துப் பாலமா?" என்றார் மெர்வ்.

"ஆடும்" என்றாள் அவள் நேர்மையாக.

மெர்வ் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "ஏம்மா, அந்தக் கண்ணாடி மேல தவழ்ந்து போனா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?"

பிரியோனி யோசித்தாள். "ஓடக்கூடாதுன்னு இருக்கு. சாப்பிடக்கூடாது, தொடக்கூடாதுன்னு இருக்கு. தவழக்கூடாதுன்னு யாரும் எழுதி வைக்கல. ஆனா தரை கீறக்கூடாது." கூடையோடு திரும்பி வந்தாள். கைக்கு இரண்டு, முட்டிக்கு இரண்டு, காலில் ஏற்கனவே இருப்பது இரண்டு. ஆறு கம்பளி உறைகள் போட்டுக்கொண்டு மெர்வ் கண்ணாடியின் விளிம்பில் மண்டியிட்டபோது, பனிக்காலத்துக்குத் தயாரான ஒரு பெரிய கரடி மாதிரி இருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எங்கள் நாற்காலியில் பயந்தவர்கள் உட்கார்ந்தால் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் இருப்பேன். ஆகவே நானும் கையில் இரண்டு உறையை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"நீங்க எதுக்கு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"சும்மா வாங்க. என் முட்டியும் நாலு இடம் பாக்கட்டும்."

ஒரு கையை முன்னால் வைத்தார். ஒரு முட்டி. இன்னொரு கை. அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்ற அக்கா சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"ஏய், என்னத்த தொலைச்சீங்க? பல் செட்டா?"

"ரே!" என்று ராலீனின் பெயரைச் சுருக்கிக் கத்தினார் மெர்வ். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "ரே, எனக்கு உயரம்னா பயம்!"

இரும்புக் கட்டடம் இல்லையா, அந்தச் சொல்லை எடுத்து இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வீசி விளையாடியது. பயம், பயம், பயம் என்று பிழிந்த துண்டு முழுக்க அவர் குரல் ஓடியது. அங்கங்கே நின்றவர்களெல்லாம் ஓவியத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "அடப்பாவி மனுஷா! அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? நான் வேணா கடற்கரைக்கு வந்திருப்பேன்ல! ஒரு சாதா மரத்தடிக்கு வந்திருப்பேன்ல!"

"நீ இங்கதான ஆசப்பட்ட!"

"நான் எங்க ஆசப்பட்டேன்! உன் தலைக்குப் பின்னால அதுதான் ஒட்டியிருந்துச்சு!"

மெர்வ் அசையாமல் நின்றுவிட்டார். வலது கை அந்தரத்தில் நின்றது. "ரே, ஏதாவது பேசு" என்றார். "உன் குரல் வந்துட்டே இருந்தா நான் வந்துடுவேன். நிறுத்திடாத."

அப்போதுதான் அது நடந்தது. பிறந்ததிலிருந்து பேச்சு நிற்காத என் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். நானும் கையை விரித்தேன். ஆனால் தவழ்ந்துகொண்டிருக்கும்போது கையை விரித்தால் மூக்குதான் தரையில் படும். பட்டது.

என் மூக்கு கண்ணாடியில் அப்பிக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் குரல். மேடையில் மைக் வேலை செய்யாவிட்டாலும் கவலைப்படாத குரல்.

"பச்சை! எழுபத்திரெண்டு!"

மெர்வின் வலது கை தரையில் விழுந்தது.

"நீலம்! பதினாறு!"

இடது முட்டி நகர்ந்தது.

"மஞ்சள்! நாப்பத்தொண்ணு! யாருப்பா நாப்பத்தொண்ணு? மேடைக்கு வாங்க, வெக்கப்படாதீங்க!"

"இங்க" என்றார் மெர்வ், பல்லைக் கடித்துக்கொண்டே. இடது கை. வலது முட்டி. எண்ணுக்கு ஓர் அடி. நான் பக்கத்திலேயே தவழ்ந்தேன். பின்னால் கசமுசவென்று பேச்சு கேட்டது. திரும்பிப் பார்த்தால், சைக்கிளில் ஊர் சுற்றுகிற ஒரு கும்பல். உடம்போடு ஒட்டிய மஞ்சள் உடை, தலையில் ஹெல்மெட். ஒருத்தர் என்னிடம் குனிந்து பணிவாகக் கேட்டார்: "இந்த நிகழ்ச்சியில பார்வையாளர்களும் கலந்துக்கலாமா, இல்ல பாக்க மட்டும்தானா?"

நான் பதில் சொல்வதற்குள் பிரியோனி சொன்னாள்: "கலந்துக்கலாம். முட்டிக்கு உறை போட்டுக்கணும்."

அவள் முகம் சாமியார் முகம் மாதிரி சலனமே இல்லாமல் இருந்தது. கூடை காலியானது. காதுக் கருவிப் பெரியவரும் மண்டியிட்டுவிட்டார்.

"சிவப்பு! ஒம்பது!" என்றாள் அக்கா. பத்துப் பதினைந்து கைகள் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தன.

பாதி தூரம் வந்திருப்போம். திடீரென்று கீழேயிருந்து ஒரு கரகரப்பான ஓலம் கேட்டது. கறுப்பு காக்கட்டூக்கள். எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்னால் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகுமே, அந்தப் பெரிய கிளிகள்தான். மெர்வ் விவசாயி. அந்தச் சத்தம் கேட்டால் அவர் தலை தானாக மேலே பார்க்கும். நாற்பது வருடப் பழக்கம். கண்ணைத் திறந்து மேலே பார்த்தார், கூரைதான் தெரிந்தது. சத்தம் வந்தது கீழேயிருந்து. யோசிக்காமல் கீழே பார்த்துவிட்டார்.

போச்சு என்று நினைத்தேன்.

அவர் முதுகு குலுங்க ஆரம்பித்தது. ஐயோ, மனுஷன் அழுகிறார் என்று அவர் தோளைப் பிடித்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து, இத்தனை வருடமாக வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்த சிரிப்பு.

"முதுகு!" என்றார் மூச்சுத் திணறி. "நோலீன், காக்கட்டூவோட முதுகப் பாருங்க! அதுக்கு முதுகு இருக்கு!"

பார்த்தேன். எங்களுக்குக் கீழே ஏழெட்டுப் பறவைகள் கறுப்பு இறக்கைகளை மெதுவாக அடித்துக்கொண்டு, வாலில் மஞ்சள் பட்டை விரிந்து மூட, ஆற்றின் மேலே போய்க்கொண்டிருந்தன. வயிற்றைத்தான் வாழ்நாளெல்லாம் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். முதுகு எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது!

மெர்வுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கையும் முட்டியும் தளர்ந்து, கண்ணாடியில் அப்படியே குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தொற்றியது. சைக்கிள்காரர்களுக்குத் தொற்றியது. ஒருத்தர் சிரிப்பை நிறுத்தினால் இரும்புச் சுவர் மற்றவர் சிரிப்பைத் திருப்பி அனுப்பியது. யார் சிரிக்கிறார்கள், எது எதிரொலி என்றே தெரியவில்லை. எனக்கு வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. பெரியவரின் கருவி மட்டும் தரையில் கிடந்து யாருக்கும் கேட்காமல் ஏதோ ஓவியத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"நான் வரேன்!" என்றாள் அக்கா. நல்ல பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து தவழ ஆரம்பித்தாள். வரும்போதே சிரித்ததில் இரண்டு தடவை கவிழ்ந்தாள். நடுவில் வந்து சேர்ந்து, அவளும் குப்புறப் படுத்தாள். இரண்டு பேர் மூக்கும் ஒரு சாண் இடைவெளியில். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

"ரே" என்றார் மெர்வ்.

"ம்?"

"அடுத்த தடவ... உன் தங்கச்சி இல்லாம போலாமா?"

"எனக்குக் காது கேக்குது!" என்றேன், அவர் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து.

மறுபடி ஆரம்பித்தது சிரிப்பு.

எப்படியோ அந்தக் கரை போய்ச் சேர்ந்தோம். சைக்கிள்காரர்கள் மெர்வைத் தூக்கி நிறுத்திக் கைதட்டினார்கள். "அடுத்த காட்சி எப்போ?" என்று ஒரு பெண் கேட்டாள். மெர்வ் தலை குனிந்து வணங்கினார். நிஜமாகவே வணங்கினார். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது: திரும்பி வருவதற்கும் அதே வழிதான்.

"இன்னொரு தடவ முடியாது" என்றார் மெர்வ். "சத்தியமா முடியாது. நான் இங்கயே குடியிருந்துக்கறேன்."

அந்தக் கரையிலும் ஒரு கதவு இருப்பதாகப் பிரியோனி சொன்னாள். பொருட்கள் இறக்குகிற வண்டி மட்டும் வரும் சாலை; பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் முதலில் சொல்லவில்லையாம். மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். நான் எழுந்தேன். கண்ணாடி மேல் சாதாரணமாக நடந்து திரும்பி, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவசரப்படவில்லை. வழியில் பேக்கரி ஒன்றில் நிறுத்தி, சிப்பிக்கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று வாங்கி, காருக்குள் உட்கார்ந்து ஆற அமரத் தின்றேன். நடுவில் 'பூனை எறங்கிப் போயிடுச்சு' ஞாபகம் வந்து, வாயிலிருந்த மசாலா கார் கண்ணாடியில் தெறித்தது.

நான் போனபோது இருவரும் பின்வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல சண்டை. கை வீசிப் போடுகிற சண்டை.

"அது சூரியன் மறையுறது!" என்றாள் அக்கா, காரில் ஏறிக்கொண்டே.

"இல்லவே இல்ல. அது மண்ணு" என்றார் மெர்வ். இந்தத் தடவை அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முட்டி இரண்டும் என் முதுகில் குத்தின.

அந்தப் பக்கத்து அறையில் ஒரே ஓர் ஓவியம் மட்டும் இருந்ததாம். ஒரு சுவர் அளவு, முழுக்க ஒரே சிவப்பு. அதன் முன்னால் உட்கார்ந்து என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"சூரியன் மறையுறப்ப இந்தச் செவப்புல ஊதா கலந்திருக்கும். அதுல ஊதா இல்ல. பழுப்பு இருக்கு. மழை பெஞ்ச மறுநாள் உழுதா, கொழு பெரட்டிப் போடுற மண்ணு இருக்கே, முதுகு பளபளன்னு, அது அப்படியே இருக்கு. வரைஞ்ச ஆளு கன்ஸ் பிளெய்ன்ஸுக்கு வந்திருக்கான். எங்க வேலியோரமா நின்னிருக்கான். நான் கவனிக்கல, அவ்வளவுதான்."

இவ்வளவு நீளமாக மெர்வ் பேசி நான் கேட்டதில்லை. அதோடு விடவுமில்லை. ஓரத்தில் அவன் ஏன் கொஞ்சம் கறுப்புத் தடவியிருக்கிறான், நடுவில் ஏன் வெளிச்சம், எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தார். அக்கா ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசினாள். நான் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

"நிறுத்துங்க!" என்று திடீரென்று கத்தினார் மெர்வ்.

நிறுத்தினேன். சாலையோரம் புதிதாக உழுத வயல் ஒன்று. மனுஷன் கதவைத் திறந்து இறங்கி, வேலியைத் தாண்டி, உள்ளே போய்க் குனிந்து, இரண்டு கை நிறைய ஈர மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். புதுச் சட்டை முழுக்க வழிந்தது. மண்ணைக் கார் ஜன்னல் வழியாக அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இப்ப சொல்லு."

அக்கா மண்ணைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரி. மண்ணுதான்" என்றாள். "ஆனா எனக்கு அந்தப் படம் புடிக்கல."

"புடிக்கலயா!"

"மண்ணு நல்லா இருக்கு. படம்தான் புடிக்கல." கதவைத் திறந்து இறங்கினாள். ஒரு விரலால் அந்த மண்ணைத் தொட்டு, அவர் மூக்கின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். பிறகு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, நல்ல பாவாடை, உழுத வயல். மெர்வ் இரண்டு கையிலும் மண்ணோடு அவளைத் துரத்திக்கொண்டு போனார். அவர் ஓட்டத்தில் கொஞ்சமும் பயம் இல்லை. தரையில் அந்த மனிதர் எவ்வளவு வேகம் என்று அன்றுதான் பார்த்தேன்.

நான் ஹாரனை அழுத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயலோர வீட்டு நாய் மட்டும் குரைத்தது.

அடுத்த வசந்தத்தில் அக்கா கன்ஸ் பிளெய்ன்ஸில் மெர்வ் வீட்டுக்குக் குடிபோனாள். மாடி இல்லாத வீடு, வாசற்படிகூடத் தாழ்வானது. எண் கூப்பிடும் வேலையை மட்டும் அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மெர்வ் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இப்போது ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்குகிறார். போன வாரம் கறித்தட்டு எங்கள் பல் டாக்டருக்கு விழுந்தது. அவர் சைவம். மேடையில் நின்று திருதிருவென்று விழித்தார் பாருங்கள், கிளப்பே சிரித்தது.